காப்பிக்கு நடந்த விசாரணையும் நம் வீட்டு ஒத்தியும்

மார்க்க விஷயமாக நம் வீடுகளிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "இது கூடுமா, கூடாதா?" என்ற ஒரே வடிவத்தில்தான் இருக்கின்றன. கேட்பதில் குற்றமில்லை. அறியாதவர் அறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது திருக்குர்ஆன் காட்டிய வழிதான். ஆனால், "நீங்கள் 'இது' என்கிறீர்களே, அது என்ன? எதனால் ஆனது? யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்?" என்று நாம் திருப்பிக் கேட்டால், கேட்டவருக்குச் சட்டென்று முகம் வாடி விடுகிறது. ஆலிம்சா மழுப்புகிறார் என்று நினைத்துக் கொள்கிறார். உண்மையில் பதிலின் பெரும்பகுதி அந்தத் திருப்பிக் கேட்ட கேள்விக்குள்தான் இருக்கிறது.

அரபி மதரஸாக்களில் மன்திக் என்று ஒரு பாடம் உண்டு. தர்க்கம் என்று தமிழில் சொல்லலாம். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதீருத்தீன் அப்ஹரீ எழுதிய ஈஸாகோஜி என்ற சின்னஞ்சிறு கிதாபில் தொடங்கி, குத்பீ, ஸுல்லம் என்று மேலே மேலே போகும். (ஈஸாகோஜி என்பது அரபிச் சொல்லே அல்ல, அறிமுகம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பெயரை மாற்றாமலே நம் முன்னோர் அதை வாங்கிக் கொண்டார்கள். நல்ல கருவி எவரிடமிருந்து வந்தால் என்ன!) இந்தப் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லித் தரப்படும் ஒரு பாகுபாடு இருக்கிறது. இல்மு இரண்டு வகை: ஒன்று தஸவ்வுர், மற்றது தஸ்தீக். ஒரு பொருள் இன்னதென்று மனத்தில் வாங்கிக் கொள்வது தஸவ்வுர். அதைப் பற்றி "ஆம்" என்றோ "இல்லை" என்றோ தீர்மானிப்பது தஸ்தீக். பிறை என்றால் என்ன என்று விளங்கியிருப்பது தஸவ்வுர். "இன்று பிறை தெரிந்து விட்டது" என்று ஒப்புக் கொள்வது தஸ்தீக். பிறை எப்படி இருக்கும் என்றே தெரியாதவன் பிறை கண்டதாகச் சாட்சி சொன்னால் அதை எந்த காஜியார் ஏற்பார்? ஒரு பொருளின் மீது தீர்ப்புச் சொல்வது அப்பொருளை விளங்கிக் கொண்டதிலிருந்து கிளைப்பது என்று உலமாக்கள் சொல்லி வருவது இதைத்தான்.

விளங்கிக் கொண்டோமா என்று சோதிக்க ஓர் அளவுகோலும் உண்டு. நாம் ஒரு பொருளுக்குச் சொல்லும் இலக்கணம் 'ஜாமிஉ'வாகவும் 'மானிஉ'வாகவும் இருக்க வேண்டும். அதாவது, சேர வேண்டியவை அத்தனையையும் உள்ளே சேர்க்க வேண்டும். சேரக் கூடாதவற்றை வெளியே தடுக்க வேண்டும். மனிதன் என்றால் இரண்டு காலால் நடப்பவன் என்று சொன்னால் வீட்டுக் கோழியும் உள்ளே வந்து விடும். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று சொன்னால் மடியில் இருக்கும் குழந்தை வெளியே போய் விடும். விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டதால், மக்கமா நகரிலேயே ஒரு காலத்தில் பெரிய குழப்பம் நடந்திருக்கிறது.

ஹிஜ்ரி 917, ரபீஉல் அவ்வல் மாதம். ஆங்கிலக் கணக்கில் 1511. அப்போது மக்கா, எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவியில் காயிர் பேக் என்பவர் இருந்தார். ஓர் இரவு அவர் ஹரம் ஷரீபிலிருந்து வீடு திரும்பும் போது, ஓரிடத்தில் சிலர் விளக்கை வைத்துக் கொண்டு வட்டமாக உட்கார்ந்து எதையோ குடித்துக் கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் விளக்கை அணைத்து விட்டார்கள். விசாரித்தார். 'கஹ்வா' குடிக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

நாம் இன்று காப்பி என்று சொல்வது அந்தக் கஹ்வாவைத்தான். கஹ்வா என்ற அரபிச் சொல் துருக்கியில் கஹ்வே ஆகி, ஐரோப்பிய மொழிகள் வழியாகச் சுற்றி வந்து நமக்குக் காப்பி ஆயிற்று. எமன் நாட்டு ஸூஃபியாக்கள் இரவு திக்ரில் தூக்கம் வராமல் இருப்பதற்காகக் குடித்து வந்த பானம் அது. ஆனால் ஒரு சங்கடம். காப்பி பிறப்பதற்கு முன்பே கஹ்வா என்ற சொல் அரபியில் இருந்தது. பழைய கவிஞர்கள் அதை மதுவுக்குப் பெயராகச் சொல்லி வந்தார்கள். பெயர் மதுவின் பெயர். குடிப்பதோ இரவில், வட்டமாக உட்கார்ந்து, ஒரே கிண்ணத்தைக் கைமாற்றிக் கைமாற்றி. ஆளைக் கண்டால் விளக்கு அணைகிறது. காயிர் பேக் மனத்தில் என்ன தஸவ்வுர் எழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் உலமாக்களைக் கூட்டினார். கூடியவர்கள் நிதானமாகவே தொடங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு கேள்விகளைப் பிரித்தார்கள். இப்படிக் கூடிக் கும்மாளமிடுவது ஒன்று. அந்தப் பானம் வேறொன்று. கூட்டத்தைக் கண்டிப்பதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. பானத்தைப் பொறுத்த வரை, பொருள்கள் அடிப்படையில் அனுமதிக்கப்பட்டவை. உடலுக்கோ அறிவுக்கோ கேடு செய்கிறது என்று நிரூபணமானால்தான் தடுக்க முடியும். அதை மருத்துவர்கள் சொல்ல வேண்டும் என்றார்கள். அது வரை எல்லாம் முறையாகத்தான் போயிற்று. இரண்டு ஹகீம்கள் வந்து கேடு என்று சொன்னார்கள். குடித்துப் பார்த்தோம், புத்தி மாறிப் போயிற்று என்று சிலர் சாட்சி சொன்னார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், மதுவைப் போலவே இதுவும் போதை தருகிறது என்றாராம். மதுவின் போதை உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, குடித்திருக்கிறேன் என்று ஒப்புக் கொண்டு, அதற்கான அடியை அவர் வாங்கிக் கொண்டதாக ஒரு செய்தி உண்டு! ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த முஃப்தி ஒருவர் மட்டும் தடைக்கு உடன்படவில்லை. மற்றவர்கள் உடன்பட்டார்கள். காப்பிக் கொட்டை தெருவில் கொளுத்தப்பட்டது, விற்றவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

ஆனால் கெய்ரோவிலிருந்து சுல்தான் கான்ஸூ அல்கவ்ரியிடமிருந்து வந்த உத்தரவு காயிர் பேக் எதிர்பார்த்தபடி இல்லை. முறைகேடான கூட்டங்களைத் தடுக்கலாம் என்பதோடு அது நின்று விட்டது, பானத்தையே ஹராமாக்கவில்லை. அடுத்த ஆண்டு காயிர் பேக்கின் பதவியும் போயிற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்துல் காதிர் அல்ஜஸீரி என்ற ஹன்பலி ஆலிம் இந்தக் கதை முழுவதையும் எழுதி, காப்பி ஹலால் என்பதற்கே ஒரு தனிக் கிதாபு செய்தார். நம் ஷாஃபிஈ மக்கள் துஹ்ஃபாவின் ஆசிரியராக அறிந்திருக்கும் இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களும் அனுமதிக்கப்பட்டது என்ற பக்கமே நின்றார்கள்.

இதில் நாம் பார்க்க வேண்டியது, ஹராம் என்றவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. அவர்களில் பயபக்தியுள்ளவர்கள் இருந்திருப்பார்கள். வழி தவறிய இடம் எது என்பதே கேள்வி. மது ஏன் ஹராம்? அதன் நிறத்தாலா, அது திராட்சையிலிருந்து வந்ததாலா, திரவமாக இருப்பதாலா, கிண்ணத்தில் ஊற்றிக் கைமாற்றுவதாலா, போதை தருவதாலா? இப்படிக் காரணமாக இருக்கக் கூடியவற்றை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்து, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொண்டு வருவதை உஸூலுல் ஃபிக்ஹில் 'ஸப்ரு தக்ஸீம்' என்பார்கள். திராட்சைப் பழத்தை யாரும் தடுக்கவில்லை. அதிலிருந்தே வரும் காடியும் (வினிகர்) ஹலால். ஆகவே திராட்சை காரணமன்று. ஸம்ஸமும் வட்டமாக உட்கார்ந்து குடிக்கப்படுகிறது. ஆகவே வட்டம் காரணமன்று. தள்ளத் தள்ளக் கடைசியில் மிஞ்சுவது போதை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, அறிவை எது மூடுகிறதோ அதுவே கம்ரு என்று விளக்கம் தந்ததாக வரும் அறிவிப்பும் இதையே காட்டுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கம்ரு என்ற சொல்லைத் திராட்சைச் சாற்றின் மதுவுக்கு மட்டும் உரியதாக வைத்தார்கள். ஆனால் ஹனஃபி மத்ஹபிலேயே, போதை தருவது எதுவானாலும் கொஞ்சமோ அதிகமோ கூடாது என்ற இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கூற்றின் மீதுதான் ஃபத்வா. ஆக, காப்பியை விசாரித்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது அறிவை மூடுகிறதா? திறந்து வைக்கிறது என்றுதான் ராத்திரித் தொழுகையாளிகள் குடித்தார்கள்!

காரணத்தைத் தேடும் இந்த வேலை எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டு போய் நிறுத்தும் என்று நினைக்க வேண்டாம். ரமளான் பகலில் தம் மனைவியுடன் கூடி விட்டதாகப் பதறிக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்தார். அடிமையை விடுதலை செய்வது, முடியாவிட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு, அதுவும் முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு என்று பரிகாரம் சொல்லப்பட்டது. இந்தச் சட்டம் அவருக்கு மட்டுமா? அந்த ஆண்டு ரமளானுக்கு மட்டுமா? இல்லை என்று எல்லா இமாம்களும் தள்ளி விட்டார்கள். அதற்கு மேல் வரும் போதுதான் பாதை பிரிகிறது. கூடியதுதான் காரணம் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் நின்றார்கள். வேண்டுமென்றே நோன்பை முறித்ததுதான் காரணம் என்று ஹனஃபி இமாம்கள் கண்டார்கள். ஆகையால் வேண்டுமென்றே உண்டு நோன்பை முறித்தவருக்கு ஹனஃபியில் பரிகார நோன்பும் உண்டு. ஷாஃபிஈயில் தவ்பாவும் களாவும்தான். நம் ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் வேறு சட்டம் சொல்கிறார்களே என்று குழம்புகிற தாய்மார்கள், அங்கே சட்டம் விளையாட்டாக மாறவில்லை, ஒரே நிகழ்ச்சியை இரண்டு கூர்மையான கண்கள் பார்த்திருக்கின்றன என்று விளங்கிக் கொண்டால் மனக்கசப்புக்கு இடமிராது.

எல்லாவற்றுக்கும் காரணம் தேட முடியுமா என்றால், முடியாது. மஃரிபுக்கு ஏன் மூன்று ரக்அத் என்று ஸப்ரு தக்ஸீம் செய்ய உட்காருவது வீண் வேலை. மார்க்கம் வெறும் அபிப்பிராயத்தால் ஆனதாக இருந்தால் காலுறையின் மேல் பாகத்தை விட அடிப்பாகத்தில் மஸ்ஹு செய்வதே பொருத்தமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் சொன்னது அறிந்தவர்களுக்குத் தெரியும். இபாதத்தின் வடிவங்கள் ஒரு வகை. உணவு, கொடுக்கல் வாங்கல் போன்றவை வேறு வகை. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிவதும் தஸவ்வுரில் சேர்ந்ததுதான்.

இப்போது கைப்பேசியில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. பிஸ்கட் பொட்டலத்தில் 'இ 471' என்று போட்டிருந்தால் அது பன்றிக் கொழுப்பு, வாங்காதீர்கள் என்று. வீட்டில் ஒருவர் அதை நம்பிக் குழந்தை கையிலிருப்பதைப் பிடுங்கி எறிகிறார். இன்னொருவர் இதெல்லாம் பொய் என்று அதே வேகத்தில் சொல்லி விடுகிறார். இருவரும் தஸவ்வுர் இல்லாமல் தஸ்தீக் செய்கிறார்கள். அந்த எண் குறிப்பது எண்ணெய்ச் சத்தையும் நீரையும் பிரியாமல் கலந்து வைக்க உதவும் ஒரு பொருளை. அது தாவர எண்ணெயிலிருந்தும் செய்யப்படலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் செய்யப்படலாம். எண்ணைப் பார்த்து மூலத்தைச் சொல்ல முடியாது. ஆனால் நம் நாட்டில் விற்கப்படும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி போட வேண்டுமானால், பால், தேன் போன்ற விலக்கு நீங்கலாக, மிருகத்திலிருந்து வந்த எதுவும் அதில் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆக, பச்சைப் புள்ளி இருந்தால் பன்றிக் கொழுப்பு என்ற சந்தேகம் நீங்குகிறது. அந்தப் புள்ளி மது கலக்கவில்லை என்பதற்குச் சாட்சி அல்ல என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். புள்ளி எதற்குச் சாட்சி சொல்கிறதோ அதற்கு மட்டும் அதன் சாட்சியை ஏற்பது நியாயம்.

கஹ்வா விஷயத்தில் பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு: பொருள் ஒன்று, பெயர் இரண்டு. மதுவுக்கு வேறு பெயர் வைத்துக் கொண்டு குடிப்பவர்கள் வருவார்கள் என்ற கருத்தில் நபிமொழி எச்சரித்திருக்கிறது. இது மதுவோடு நிற்கவில்லை. நம் குடும்பங்களில் பெரிய தொகை புழங்கும் ஒரு விஷயத்தை எடுத்துக் கொள்வோம்: ஒத்தி. சில ஊர்களில் போக்கியம் என்பார்கள். நகரங்களில் லீசு என்கிறார்கள்.

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த ஐந்து லட்ச ரூபாயை ஒருவர் கொண்டு வருகிறார். இன்னொருவருக்கு மகள் கல்யாணச் செலவு. கையில் பணமில்லை, வீடு இருக்கிறது. ஐந்து லட்சத்தை வாங்கிக் கொண்டு வீட்டை விடுகிறார். வாடகை இல்லை, வட்டியும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து ஐந்து லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை வாங்கிக் கொள்வார். இருவரும் தொழுகையாளிகள். வட்டியில் விழாமல் அல்லாஹ் காப்பாற்றினான் என்று இருவருமே ஷுக்ரு செய்கிறார்கள். நான் அறிந்த வரை இதைப் பற்றி மனத்தில் உறுத்தலோடு கேட்பவர்கள் மிகக் குறைவு.

இது என்ன? வாடகையா? வாடகையாகக் கொடுத்த பணம் திரும்பி வராது. இதுவோ முழுவதும் திரும்பி வருகிறது. வியாபாரமா? வீடு கை மாறவில்லையே. அமானிதமா? அமானிதப் பணத்தை எடுத்துக் கல்யாணம் செய்ய முடியாது. அப்படியே வைத்திருக்க வேண்டும். மிஞ்சுவது ஒன்றுதான்: பணம் கடன், வீடு அதற்கு அடமானம். கடன் கொடுத்தவர் அசல் முழுவதையும் திரும்பப் பெறுகிறார். நடுவில் மூன்று ஆண்டு வீட்டில் குடியிருக்கும் பலனும் பெறுகிறார். அந்த வீடு மாதம் ஆறாயிரம் ரூபாய் வாடகைக்குப் போகும் என்று வைத்துக் கொண்டால், முப்பத்தாறு மாதத்துக்கு 2,16,000 ரூபாய். ஐந்து லட்சத்தைக் கடனாகக் கொடுத்து மாதம் ஆறாயிரம் வாங்கினால் அதை நூற்றுக்கு ஒரு ரூபாய் இருபது காசு வட்டி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கடனுக்காக நிபந்தனையிட்டுப் பெறும் பலன் வட்டியே என்று ஃபுகஹாக்கள் எழுதி வைத்திருப்பது இந்த இடத்துக்குத்தான். நாட்டுச் சட்டமே இதை மறைக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் அனுபவ அடமானத்தைச் சொல்லும் போது, சொத்தின் வருமானத்தை வட்டிக்குப் பதிலாகவோ அசலுக்கு ஈடாகவோ எடுத்துக் கொள்வது பற்றியே பேசுகிறது.

வீட்டுக்காரர் மனமொப்பித்தானே கொடுக்கிறார் என்பார்கள். வட்டி கட்டுகிறவரும் மனமொப்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். அடமானமாக வைத்த வாகனப் பிராணியில் அதன் தீனிச் செலவுக்கு ஈடாக ஏறிச் செல்லலாம் என்று ஹதீஸ் இருக்கிறதே என்று ஓதியவர்கள் கேட்கலாம். இருக்கிறது, இமாம் அஹ்மது (ரஹ்) அவர்கள் அதைச் சட்டமாகவும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது தீனிச் செலவின் அளவுக்கு. வீட்டுக்குத் தினமும் புல்லும் கொள்ளும் போட வேண்டியதில்லை. புகாராப் பக்கத்து ஹனஃபி உலமாக்கள் மக்களின் கடன் சுமையைப் பார்த்து, திரும்ப வாங்கிக் கொள்ளும் நிபந்தனையோடு விற்கும் 'பைஉல் வஃபா'வுக்கு இடம் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அதிலும் அம்மத்ஹபுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உதுமானிய அரசு அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத்தின் மூன்றாம் விதி, ஒப்பந்தங்களில் நோக்கமும் பொருளும்தான் கணக்கு, சொற்களல்ல என்று வகுத்து விட்டு, அதற்கு உதாரணமாகவே இந்த பைஉல் வஃபாவைக் காட்டி, அது அடமானத்தின் சட்டத்தில் சேரும் என்கிறது. பெயர் விற்பனை, பொருள் அடமானம்.

ஏற்கனவே ஒத்தியில் இருப்பவர்கள் வீட்டை விட்டு நாளையே வெளியேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் பொருளை மாற்றினால் போதும். புதிதாக எடுப்பவர்களுக்குச் சுத்தமான வழி, மூன்று ஆண்டு வாடகை 2,16,000 ரூபாயை முன்பணமாகவே கொடுத்து விடுவது. அது வாடகை, திரும்பி வராது, கடன் என்ற பேச்சே இல்லை. ஐந்து லட்சம் முன்பே கை மாறியிருந்தால், இருவரும் உட்கார்ந்து அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீட்டுக்கு என்ன வாடகையோ அதைப் பேசி, மாதாமாதம் அசலில் கழித்து வரலாம். மூன்று ஆண்டு முடியும் போது வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டியது 2,84,000 ரூபாய். மகளைக் கட்டிக் கொடுத்து விட்டு ஐந்து லட்சத்துக்கு எங்கே போவது என்று மறுபடியும் கடன் தேடி அலையும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் வீட்டைக் காப்பாற்றும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பெரிய தொகை கொடுத்திருக்கிறேனே, ஆறாயிரம் வாடகையை ஐநூறாகப் போட்டுக் கொள்வோம் என்று பேசினால், முன்வாசலில் வெளியே போன வட்டி கொல்லைப்புறமாக உள்ளே வந்து விடும். பத்திரம் எழுதுகிறவரிடம், மாத வாடகை இவ்வளவு, இதுவரை கழிந்தது இவ்வளவு, மீதம் இவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்ல வேண்டும். 'ஒத்தி' என்ற பழைய வாசகத்தை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக் கொண்டு வராதீர்கள்.